இவ்ளோ வாங்குறோமே, சந்தோஷமா இருக்கோமா?

பனிக்காத்து (கோத்தகிரி)
குன்னூர் பக்கம் ஒரு ரிசார்ட்ல ரிசப்ஷன்ல இருக்கேன், எந்த ரிசார்ட்டுன்னு கேக்காதீங்க, வேலை போயிடும். சீசன்ல இது டெய்லி நடக்கறது தான். சென்னையில இருந்து ஒரு பேமிலி, கல்லார்ல இருந்து பர்லியாறு வரைக்கும் ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்காங்க, புள்ளைங்க ரெண்டும் வழியில வாந்தி. ரூமுக்குப் போன கொஞ்ச நேரத்துல அவர் மட்டும் திரும்ப கீழ வந்து போனைக் காட்டி "ரீல்ஸ்ல பாத்த வியூ இது இல்லையே"ன்னார். சார் மிஸ்ட் மூடியிருக்கு, காலையில எந்திரிச்சா பள்ளத்தாக்கு முழுசா தெரியும்னேன். "அப்ப இன்னைக்கு நைட்டுக்கு மட்டும் டிஸ்கவுண்ட் குடுங்க"ன்னார். மிஸ்ட் பாக்கத்தான சார் மலைக்கு வருவாங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

அவரை கிண்டல் பண்ண எழுதல. நல்ல சம்பளம், நல்ல கார், நல்ல மனுஷனும் கூட, ஆனா மூஞ்சியில ஒரு நிம்மதி இல்ல. எனக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, சம்பளம் ஏறின அன்னைக்கே போன் இஎம்ஐ, பைக் இஎம்ஐ எல்லாம் எடுத்துட்டுப் போயிடுது, மிச்சத்த வச்சு ராத்திரி படுத்துக்கிட்டே ஆப்ல ஷூ பாத்துட்டு இருக்கேன், இருக்கற ஷூவே இங்க மழையில நனைஞ்சு பூஞ்சை புடிச்சு கெடக்குது. இந்த வாங்கு வாங்குன்னு சொல்ற காலத்துல நெஜமான சந்தோஷம்னு ஒண்ணு கிடைக்குமா, இல்ல அடுத்த பார்சல் வர்ற வரைக்கும் தானா? தத்துவம் வேணாம், அவங்கவங்க வீட்டுல நடக்கறத சொல்லுங்க.

வர்க்கி_டீ (ஊட்டி)
பார்சல் வர்ற வரைக்கும் கூட இல்ல தலைவா, "இன்னைக்கு டெலிவரி"ன்னு மெசேஜ் வருது பாரு, அதோட முடிஞ்சுது. எங்க ஏரியாவுக்கு டெலிவரி பையன் மேல ஏறி வரமாட்டான், மெயின் ரோட்டு பேக்கரியில போட்டுட்டுப் போயிடுவான். இப்ப பேக்கரிக்காரருக்கு ஊர்ல எந்த வீட்டுல என்ன வாங்கறாங்கன்னு அத்தனையும் தெரியும். வீட்டுக்காரம்மா என்ன ஆர்டர் போட்டாங்கன்னு தெரியணும்னா நான் அவரைத்தான் கேக்கறேன்.

அந்தக்காலத்து_ஊட்டி
போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து. எங்க தாத்தா காலத்துல ரெண்டு சட்டை, ஒரு கம்பளி கோட்டு, அவ்வளவு தான். நிம்மதியா வாழ்ந்தாங்க. இப்ப எல்லாம் இருக்கு, தூக்கம் தான் இல்லை. இவ்வளவு தான் விஷயம், இதுக்கு மேல விவாதிக்க ஒண்ணும் இல்லை.

கூடலூர்_லயன்
ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, "விவாதிக்க ஒண்ணும் இல்லை"ன்னா எப்படி. எங்க தாத்தா பாட்டி 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்தவங்க, எங்கள மாதிரி தாயகம் திரும்புன ஆளுங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல டான்டீன்னு கவர்மென்ட் தேயிலைத் தோட்டமே ஆரம்பிச்சது, கூடலூர் பந்தலூர் பக்கம் பாதி ஊரு அந்தக் கதை தான். நான் பொறந்தது லயன் வீட்டுல, அதான் தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா கட்டின வீடு. ஒரு ரூம், அதுலயே அடுப்பு, புகை போக வழி கிடையாது, மழைக்காலத்துல ஈர விறகு புகைஞ்சு பாட்டிக்கு கண்ணு எப்பவும் செவந்தே இருக்கும். ரெண்டு சட்டை தான் எங்க தாத்தாவுக்கும். ஆனா "போதும்"னு அவர் சொன்னதே இல்ல ஐயா. அவ்ளோ தான் இருந்துச்சு, அதனால போட்டுக்கிட்டாரு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?

2006க்கு அப்புறம் கவர்மென்ட்ல கலர் டிவி குடுத்தாங்களே ஞாபகம் இருக்கா, எங்க லயத்துக்கு அது வந்தப்ப வீட்டுக்கு வீடு சத்தம், பாட்டி ராத்திரி பூரா ஸ்டார்ட்டிங்ல இருந்து மூடற வரைக்கும் பாத்தாங்க, நிகழ்ச்சி முடிஞ்சப்புறம் வர்ற கோடு கூட பாத்தாங்க. அதுக்கு முன்னாடி டிவி பாக்கணும்னா இன்னொருத்தர் வீட்டு வாசல்ல நிக்கணும், அவங்க எப்ப கதவ சாத்துவாங்கன்னு பயந்துக்கிட்டே. அந்த டிவி நுகர்வு கலாச்சாரம்னா இருந்துட்டுப் போகட்டும். பொருள் மேல ஆசைப்படாதன்னு சொல்ற தகுதி பொருள் இருக்கறவனுக்கு ஈசியா வந்துடுது.

கொழுந்து_பை (கோத்தகிரி பக்கம்)
கூடலூர் அண்ணா சொன்னதுக்கு நூறு லைக். என் வீட்டுக் கதை சொல்றேன் கொஞ்சம் நீளமா போகும் பரவால்லயா.

எங்களுக்கு சின்னத் தேயிலைத் தோட்டம், அம்மா தான் கொழுந்து எடுப்பாங்க, இலை பறிச்சு பறிச்சு விரல் நுனி எல்லாம் கறை ஏறி கறுத்து, அந்தக் கறுப்புலயே வெடிப்பு வெடிப்பா இருக்கும், சோப்பு போட்டாலும் போகாது. சாயங்காலம் இலைய ஏஜென்டுக்கு எடை போட்டு அனுப்பிட்டு வந்து அந்தக் கையோட துணி தொவைக்கணும். டிசம்பர் ஜனவரியில உறைபனி கொட்டற நாள்ல நம்ம ஊரு தண்ணி எப்படி இருக்கும்னு கீழ இருக்கறவங்களுக்கு சொன்னா புரியாது, கைய விட்டா முதல்ல சுரீர்னு வலிக்கும் அப்புறம் மரத்துப் போயி வலியே தெரியாது, வெளிய எடுத்தப்புறம் தான் வெடிப்புல ரத்தம் வர்றது தெரியும். ஸ்வெட்டர் நனைஞ்சா என்னா கனம், பிழியவே ரெண்டு ஆளு வேணும். ஜூன் ஜூலையில காயவும் காயாது, அடுப்புக்கு மேல கொடி கட்டி போட்டா துணி பூரா புகை வாடை, அதப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனா பக்கத்துல உக்காரவே யோசிப்பாங்க.

பச்சைத் தேயிலைக்கு கொஞ்சம் நல்ல வெலை வந்த ஒரு வருஷம் அப்பா ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் வாங்கிட்டு வந்தார். டிரையர்ல சுத்தி எடுத்தா பாதி காஞ்சே வந்துடும். அம்மா முதல் நாள் அந்த மூடிய தொறந்து தொறந்து பாத்துட்டே இருந்தாங்க, தொவைக்க கை விட வேண்டியதே இல்லன்னு நம்ப முடியல. வருஷம் எத்தனையோ ஆச்சு, இன்னைக்கும் ஆயுத பூஜைக்கு கொழுந்து வெட்டற கத்தி, கவாத்து அருவா எல்லாத்துக்கும் பொட்டு வைக்கும்போது மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாங்க. சந்தோஷம் நெலைக்காதுன்னு யாராவது சொன்னா எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க.

ஆனா அதே வீட்டுல என் தம்பி ஒரு பைக் வாங்கினான், லோன்ல. முதல் மாசம் ராத்திரி எந்திரிச்சு போயி கவர் போட்டிருக்கான்னு பாத்துட்டு வருவான். அப்புறம் கீழ் வீட்டுப் பையன் அதுக்கு மேல மாடல் எடுத்தான். அன்னையில இருந்து இவன் பைக்க தொடைக்கறதே இல்ல. வண்டி அதே வண்டி தான, நேத்து ஓடுன மாதிரி தான இன்னைக்கும் ஓடுது? அம்மா மெஷின யாரு மெஷினோடயும் வச்சு பாக்கல, அது அவங்க கைக்கு வந்தது. இவன் பைக்கு அடுத்தவன் கண்ணுக்கு வந்தது. எனக்குத் தெரிஞ்சு மேட்டர் அங்க தான் இருக்கு.

படிச்ச_பய
அக்கா நீங்க சொன்னதத்தான் பெரிய பெரிய ஆளுங்க வருஷக் கணக்கா ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. எம்ஏ எகனாமிக்ஸ் படிக்கறேன், பீத்தறதுக்கு சான்ஸ் கிடைச்சிருக்கு விடமாட்டேன்.

1974ல ரிச்சர்ட் ஈஸ்டர்லின்னு ஒரு பொருளாதாரக்காரர் ஒரு முரண்பாட்ட எடுத்துப் போட்டார். ஒரே நாட்டுக்குள்ள ஒரே நேரத்துல பாத்தா பணக்காரங்க ஏழைங்கள விட சந்தோஷமா இருக்கறதா சொல்றாங்க. ஆனா வருஷம் போகப் போக நாடே பணக்கார நாடா ஆனாலும் சராசரி சந்தோஷம் அந்த அளவுக்கு ஏறல. ஏன்னா எல்லாருக்கும் ஏறும்போது ஒப்பிடற அளவுகோலும் சேந்து ஏறிடுது. தம்பி பைக் கதை அப்படியே அதான். 2008ல ஸ்டீவன்சன், வுல்ஃபர்ஸ்னு ரெண்டு பேரு வந்து இல்ல இல்ல, டேட்டாவ சரியா பாத்தா பணக்கார நாடுங்க சந்தோஷமா தான் இருக்குன்னு மறுத்தாங்க, சண்டை இன்னும் ஓயல.

இன்னொண்ணு, பிலிப் பிரிக்மேன் குழு 1978ல பண்ணது. லாட்டரியில பெருந்தொகை விழுந்த 22 பேரு, பக்கத்துல சாதாரண ஆளுங்க 22 பேரு, விபத்துல உடம்பு செயலிழந்தவங்க 29 பேரு. லாட்டரி விழுந்தவங்க மத்தவங்கள விட பெருசா சந்தோஷமா இல்ல, அது கூட ஆச்சரியம் இல்ல, சிநேகிதனோட பேசறது, டிவி பாக்கறது மாதிரி சின்ன சின்ன விஷயத்துல கிடைக்கற ருசி அவங்களுக்கு கம்மியா இருந்துச்சு. விபத்துல சிக்கினவங்க மத்தவங்கள விட சந்தோஷம் கம்மி தான், ஆனா வெளிய இருந்து நாம நெனைக்கற அளவுக்கு இடிஞ்சு போகல. சின்ன ஆராய்ச்சி, 22 பேர வச்சு உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனாலும் யோசிக்க வைக்குது.

நெறைய பேரு தப்பா எடுத்துக்கறது என்னன்னா, எல்லாம் பழகிடும்னு. எல்லாமும் பழகறதில்ல. தினம் ரொம்ப தூரம் வேலைக்குப் போயிட்டு வர்றது, ஓயாத சத்தம், இதெல்லாம் மனுஷனுக்கு லேசுல பழகறதில்லன்னு ஆராய்ச்சியிலயே வருது. அதனால தினம் வர்ற ஒரு வலிய எடுக்கற பொருள் குடுக்கற சந்தோஷம் நெலைச்சு நிக்கும்னு எனக்குத் தோணுது. இது என் சொந்த சரக்கு, பரிட்சையில எழுதினா மார்க் வராது.

வர்க்கி_டீ
நம்ம ஊர்ல 2003ல லாட்டரிய தடை பண்ணிட்டாங்க. எங்க மாமா இன்னமும் நாடுகாணி தாண்டிப் போயி கேரளா டிக்கெட் வாங்கறாரு. அவருக்கு இத படிச்சுக் காட்டினேன். "விழுந்தப்புறம் சந்தோஷமா இல்லாம இருந்துக்கறேன், மொதல்ல விழட்டும்"ங்கறாரு.

கூடலூர்_லயன்
மாமா தெய்வம் யா.

தம்பி படிச்ச பய, ஒரு டவுட். வருஷ வருமானம் 75,000 டாலர் வரைக்கும் தான் காசுல சந்தோஷம் ஏறும், அதுக்கு மேல ஏறாதுன்னு வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கே, அது நெஜமா? நெஜம்னா எனக்கு இன்னும் ரொம்ப தூரம் சந்தோஷம் பாக்கி இருக்கு.

படிச்ச_பய
அது கானமன், டீட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர் 2010ல அமெரிக்காவ வச்சு சொன்னது அண்ணா, அவங்களே கூட தினசரி மனநிலை தான் அங்க நின்னுடுது, "என் வாழ்க்கை எப்படி இருக்கு"ன்னு மதிப்பு போடச் சொன்னா அதுக்கு மேலயும் ஏறுதுன்னு தான் சொன்னாங்க, வாட்ஸ்அப்ல பாதி தான் வருது. 2021ல கில்லிங்ஸ்வொர்த்ங்கறவர் அதெல்லாம் நிக்கல, ஏறிக்கிட்டே தான் போகுதுன்னார். அப்புறம் ரெண்டு தரப்பும் சேந்து உக்காந்து 2023ல ஒரு கட்டுரை போட்டாங்க, பெரும்பாலானவங்களுக்கு ஏறுது, ஏற்கனவே மனசு நொந்து கெடக்கற ஒரு பங்கு ஆளுங்களுக்கு மட்டும் ஒரு அளவோட நின்னுடுதுன்னு. கஷ்டப்படறவனுக்கு காசு வந்தா நிம்மதி வரும்ங்கறதுல யாரும் சண்டை போடல. சண்டை பூரா மேல ஏறினப்புறம் தான்.

இந்து_பிலிம் (ஊட்டி, ஓய்வு)
தம்பிங்களா எல்லாம் வாங்கறத பத்தியே பேசறீங்க, செய்யறவன் பக்கமும் கொஞ்சம் பாருங்க. நான் இங்க பிலிம் பேக்டரியில இருந்தவன். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960ல ஆரம்பிச்ச கவர்மென்ட் கம்பெனி, 1967ல உற்பத்தி தொடங்கிச்சு, 'இந்து'ன்னு பிராண்டு, கருப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் போச்சு இங்க இருந்து. வெளிச்சம் பட்டா பிலிம் கெட்டுடும், அதனால இருட்டுல தான் வேலை. மெஷின் சத்தம் லேசா மாறினாலே என்ன கோளாறுன்னு தெரியும், பக்கத்துல நடக்கறவன் யாருன்னு செருப்புச் சத்தத்துல சொல்லிடுவோம். அந்த வேலையில இருந்த திருப்தி சம்பளத்துல மட்டும் இல்ல. எந்தக் கல்யாண வீட்டுல போட்டோ புடிச்சாலும், எந்த ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தாலும் அது நாங்க கோட்டிங் போட்டதா இருக்கும்னு ஒரு நெனப்பு.

அப்புறம் உலகம் டிஜிட்டலுக்கு மாறிச்சு, வாங்க ஆள் இல்ல, கம்பெனி நலிஞ்சு கடைசியில மூடியாச்சு. அதனால யாரும் வாங்காதீங்க வாங்காதீங்கன்னு சொன்னா எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வருது, வாங்கறத நிறுத்தினா அந்தப் பக்கம் யாரோ ஒருத்தன் வீட்டு அடுப்பு நிக்கும்.

இன்னொரு பக்கம், ஒரு ரோலுக்கு 36 படம். ஒவ்வொண்ணு எடுக்கவும் யோசிப்பாங்க. என் பேத்தி போன்ல எத்தனையோ ஆயிரம் படம் இருக்கு, போன் நெறைஞ்சு போச்சுன்னு மாசா மாசம் காசு கட்டி எங்கேயோ மேல வச்சிருக்கா. பழசு எதையும் தொறந்து பாத்து நான் பாத்ததில்ல. என் கல்யாண ஆல்பம் மட்டும் எங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் வெளிய வந்துடும், பாத்தே ஆகணும், தப்பிக்க முடியாது.

மலைப்பூண்டு (கொடைக்கானல் மேல்மலை)
நாங்க பழனி மலைக்காரங்க, நடுவுல மூக்க நுழைக்கலாமா? பூம்பாறை மன்னவனூர் பக்கம் பூண்டு போடறோம். 2019ல எங்க பூண்டுக்கு புவிசார் குறியீடு கிடைச்சப்ப ஊரே சந்தோஷப்பட்டுச்சு, ஆனா மூட்டைய தூக்கிட்டு வடுகபட்டி சந்தைக்கு எறங்கினா வெலை என்னமோ அன்னைக்கு வர்ற வரத்த பாத்து தான் வைக்கிறாங்க.

நான் சொல்ல வந்தது கடன் பத்தி. இங்க யாரும் எதுக்கும் சிட்டிக்கு போக வேணாம், வாரா வாரம் குழுக் கடன்காரங்க வீட்டு வாசலுக்கே வந்துடறாங்க. பத்து பொம்பளைங்க ஒரு குழு, ஒருத்தர் கட்டலன்னா மத்த ஒம்போது பேரு போட்டுக் கட்டணும். எங்க தெருவுல ஒரு அக்கா வீட்டு ரிப்பேருக்குன்னு கடன் எடுத்தாங்க, அதுல பெரிய டிவியும் வாங்கிட்டாங்க. அந்த வருஷம் பூண்டு அழுகிப் போச்சு, தவணை நின்னுச்சு. வசூலுக்கு வந்த பையன் அவங்க வீட்டுக்குப் போகல, குழுவ மொத்தமா உக்கார வச்சுட்டான், காசு சேர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது, ஸ்கூல் விட்டு வந்த புள்ளைங்க எல்லாம் பூட்டுன வீட்டு வாசல்ல நிக்குதுங்க. அன்னைக்கு ஒம்போது பேரும் போட்டு கட்டினாங்க. ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருத்தர் வெங்காயம் உரிக்கப் போற ஆளுங்க, அதுல இருந்து அந்த அக்காகிட்ட பேசறதில்ல. அவங்களும் தண்ணி புடிக்க எல்லாரும் போனப்புறம் தான் கொடத்த எடுத்துட்டு வர்றாங்க. டிவி நல்லா தான் ஓடுது. சந்தோஷம் எங்க போச்சுன்னா அந்தக் குழாயடியில போச்சு.

பொருள் நல்லதா கெட்டதான்னு நீங்க பேசிட்டு இருக்கீங்க. என்னைக் கேட்டா அது எந்தக் காசுல வருதுன்னு பாக்கணும். கொழுந்து பை அக்கா வீட்டுல நல்ல வெலை வந்த வருஷம் மெஷின் வந்துச்சு. கடன்ல வந்திருந்தா உங்கம்மா பொட்டு வைப்பாங்களா?

கொழுந்து_பை
நல்ல கேள்விண்ணா. இலை வெலை விழுந்த வருஷங்கள நெனச்சுப் பாத்தா பக்குனு இருக்கு.

பனிக்காத்து
மலைப்பூண்டு அண்ணா, உங்க பக்கம் பரவால்ல போல, சின்ன பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில் கொண்டு வந்தா பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரி போடறாங்கல்ல. இங்க 2022ல இருந்து சரக்கு பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டில குடுத்தா திருப்பித் தர்றாங்க, காட்டுல ஒடைஞ்ச பாட்டில் யானை கால்ல குத்துதுன்னு கோர்ட் சொன்னதுல ஆரம்பிச்சது. சந்தோஷமா இருக்க குடிக்கறான், குடிச்ச சந்தோஷத்துல ஒடைக்கறான், மறுநாள் காலையில அதப் பொறுக்கி இன்னொருத்தன் வீட்டுக்கு அரிசி வாங்கறான்.

வெளியூர் வண்டி மலைக்கு வர வாங்கற இ-பாஸும் அப்படித்தான். 2024 மே மாசம் ஆரம்பிச்சாங்க, 2025 சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000ன்னு கணக்கு வச்சாங்க. கடை வச்சிருக்கறவங்க எல்லாம் போராட்டம். அவங்க வயித்துப்பாடு அவங்களுக்கு, தப்பு சொல்ல முடியாது. எங்க சம்பளமும் அதுல தான் வருது.

ஒண்ணு சொல்றேன் சிரிக்காதீங்க. எங்க ரிசார்ட்ல "போன் இல்லாத ரெண்டு நாள்"னு ஒரு பேக்கேஜ் போட்டிருக்காங்க. செக்இன் பண்ணும்போது போனை வாங்கி ஒரு மரப்பெட்டியில பூட்டிடுவோம், சாதா ரூம விட ரேட்டு அதிகம். பெட்டிச் சாவி என்கிட்ட. ராத்திரி பதினோரு மணிக்கு மெதுவா வந்து "ஒரே ஒரு மெயில் பாத்துட்டு குடுத்துடறேன் தம்பி"ம்பாங்க. பக்கத்துல அவங்க வீட்டுக்காரம்மா கம்பளிய போத்திக்கிட்டு தூணுக்குப் பின்னாடி நிப்பாங்க, அவங்களுக்கும் வேணும், கேக்க கூச்சம்.

வர்க்கி_டீ
போன் இல்லாம இருக்கறதுக்கு காசா? எங்க தெருவுல டவர் கிடைக்காது, வரச் சொல்லு பாதி ரேட்டுக்கு வச்சுக்கறேன்.

ஹட்டி_பையன்
இவ்ளோ நேரம் படிச்சுட்டு தான் இருந்தேன். நான் படுகர், இந்த நீலகிரி மலைச் சமுதாயம். எங்க ஹெத்தையம்மன் பண்டிகைக்கு பேரகணிக்கு வந்து பாத்திருக்கீங்களா, எல்லாரும் வெள்ளை. தோட்டம் வச்சு பேக்டரி நடத்தறவரும் வெள்ளை வேட்டி துண்டு, நாள்கூலிக்குப் போறவரும் அதே. பெங்களூர்ல கோடி ரூபா பிளாட் வாங்கினவன் எங்க பெரியப்பா பையன், வரிசையில வெறுங்கால்ல என் முன்னாடி தான் நின்னான், பனி புல்லு கால்ல குத்துது, ரெண்டு பேரும் குதிக்கறோம். அன்னைக்கு ஒரு நாள் யாரு யார விடப் பெரியவன்னு பாக்கவே முடியாது, கொழுந்து பை சொன்ன அந்த "அடுத்தவன் கண்ணு"க்கு வேலை இல்ல.

ஆனா ஐயா (அந்தக்காலத்து ஊட்டிய சொல்றேன்) உடனே பாத்தியா அந்தக் காலம்னு ஆரம்பிச்சுடாதீங்க. கோயில விட்டு வெளிய வந்தா பார்க்கிங். அங்க யாரு வண்டி என்னன்னு எல்லாரும் பாக்கறான். எங்க கல்யாணத்துல முன்னாடி எல்லாம் பெருசா செலவே கிடையாது, வரதட்சணை எங்க வழக்கத்துல இல்லன்னு பெருமையா சொல்லுவோம், இப்ப டிரோன் இல்லாம ஒரு கல்யாணம் காட்டுங்க பாப்போம். தேயிலை விவசாயத்துல வர்றது என்ன, டிரோனுக்குப் போறது என்ன. என் தங்கச்சி கல்யாணத்துக்கு டிரோன் வேணாம்னு நான் சொன்னேன், வீட்டுல யாரும் என்கூட ரெண்டு நாள் சரியா பேசல. கடைசியில வந்துச்சு. வந்த அன்னைக்கு மிஸ்ட். வெள்ளையா ஒரு மணி நேர வீடியோ எங்ககிட்ட இருக்கு, வேணும்னா அனுப்பறேன்.

கூடலூர்_லயன்
யோவ் செத்தேன். பனிக்காத்து, உங்க சென்னை சாருக்கு அனுப்புங்க, அவர் கூட டிஸ்கவுண்ட் கேப்பாரு.

அந்தக்காலத்து_ஊட்டி
சரி, எல்லாரும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணியாச்சு. நான் சொன்னது ஏழையா இருங்கன்னு இல்லை. லயன் தம்பி, உங்க பாட்டிக்கு வந்த டிவியை யாராவது குறை சொல்ல முடியுமா? என் மகன் வீட்டில் மூணு டிவி, மூணு ரூமில், சாப்பாடும் தட்டோடு அங்கங்கே போய்விடுகிறது. நான் மூணு ரூமுக்கும் எட்டிப் பார்த்துவிட்டு கிச்சனில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்த எரிச்சலில் எழுதினேன்.

கூடலூர்_லயன்
ஐயா கூடலூர் பக்கம் வந்தா சொல்லுங்க. எங்க வீட்டுல ஒரே டிவி, ரிமோட்டுக்கு அஞ்சு பேரு சண்டை. உங்களையும் சேத்துக்கறோம்.

இந்து_பிலிம்
கொழுந்து பை அம்மா, அந்த மெஷின் இன்னும் ஓடுதா? எந்த மெஷினும் அவ்வளவு வருஷம் வராதே இப்ப எல்லாம், கேக்கறேன்.

கொழுந்து_பை
நடுவுல ஒரு வாட்டி நின்னு போச்சு ஐயா. கஸ்டமர் கேர்ல ஆள் வந்து பாத்துட்டு பார்ட்ஸ் வர்றதில்ல, பழசு, எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு எடுத்துக்கோங்க, இஎம்ஐ இருக்குன்னு போனையே நீட்டிட்டார். அம்மா அவருக்கு டீ குடுத்து அனுப்பிட்டாங்க. அப்புறம் கோத்தகிரியில ஒரு பழைய மெக்கானிக் வந்து பின் தகட்ட கழட்டினா பெல்ட் அறுந்து கெடக்கு, கெப்பாசிட்டரும் போயிருக்கு, ரெண்டையும் மாத்தினார், கூலியோட சேத்து ஒரு சேலை வெலை கூட ஆகல. ஓடுது. சத்தம் மட்டும் ஜாஸ்தி, டிரையர் சுத்தும்போது செவத்துல தட்டிக்கிட்டே நகந்து வரும், யாராவது ஒருத்தர் புடிச்சுக்கணும்.

இந்து_பிலிம்
அது கால் ரப்பர் தேஞ்சிருக்கும். நாலையும் மாத்தச் சொல்லு. இல்லன்னா பழைய சைக்கிள் டியூப் வெட்டி மடிச்சு வை, நிக்கும்.

வர்க்கி_டீ
அந்த மெக்கானிக் நம்பர் இருக்கா அக்கா? எங்க வீட்டு கெய்சர் தொட்டா ஷாக் அடிக்குது, கம்பெனிக்காரன் இதே பாட்டு தான் பாடறான்.

நிர்வாகி
நம்பர பொதுவுல போட வேணாம், தனி மெசேஜ்ல குடுத்துக்கோங்க. வர்க்கி, முதல்ல மெயின ஆப் பண்ணுங்க.

கொழுந்து_பை
அனுப்பிட்டேன். கெய்சர் பாப்பாரான்னு கேட்டுக்கோங்க. காலையில ஒம்போதுக்கு மேல பண்ணுங்க, அதுக்கு முன்னாடி எடுக்கமாட்டார்.